நாகையில் இறங்கினால் ஒரு பகல்: எந்த ஊர்ப் பட்டறைக்குப் போவது?

யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலிருந்து வரும் கப்பல் நாகப்பட்டினத்துக்கு மாலையில்தான் வந்து சேரும். குடிவரவு, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். மறுநாள் முழுப் பகல் கையில் இருக்கும். அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் திரும்புகிற கப்பலுக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஆக, இரண்டு ராத்திரி, ஒரு பகல். நான் ஆள் கூட்டிப்போன இரண்டு தடவையும் கணக்கு இதுதான்.

பெரிய உல்லாசக் கப்பல்களில் வருகிறவர்கள் துறைமுகத்தில் இறங்கி, ஊர் பார்த்து, சங்கு ஊதுவதற்குள் திரும்பி ஓடுவார்கள் அல்லவா? அதே நிலைமைதான் இங்கேயும். கப்பல் கொஞ்சம் சின்னது, பயணம் சுமார் நாலு மணி நேரம், வருகிறவர்கள் பெரும்பாலும் நம் மொழி பேசுகிறவர்கள். ஆனால் யாருக்காகவும் கப்பல் காத்திருக்காது என்ற விதி மட்டும் மாறவில்லை.

என் வீடு திருவிடைமருதூர்ப் பக்கம். துபாயில் ஆறு வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாண நண்பர், 2024இல் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, மனைவி பிள்ளைகளோடு முதல் தடவை வந்தார். இரண்டாம் தடவை அவருடைய அம்மாவும் வந்தார்கள். எழுபத்தாறு வயது, முழங்கால் வலி, ஆனால் கண்ணும் காதும் படு கூர்மை. இப்போது வைகாசியில் நண்பரின் சித்தப்பா மகன் குடும்பம் வருகிறது. கனடாவிலிருந்து வந்திருக்கும் இளசுகள் இரண்டு பேரையும் சேர்த்து ஒன்பது பேர். "அண்ணை, கோயில் எல்லாம் பிறகு வந்து பாக்கலாம். கிராமங்களிலை கைவேலை செய்யிற இடம் காட்டுங்கோ. எங்கை போறது?" என்று போனில் கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடலாம். நாகையில்தானே தங்குகிறோம், பக்கத்திலேயே பார்த்துவிடலாம் என்று பலர் வேதாரண்யம் பக்கம் கைகாட்டுவார்கள். தெற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பெடுத்த இடம். அகத்தியம்பள்ளியில் அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது. வரலாற்றுக்காகப் போகலாம், தப்பில்லை. ஆனால் ஆனையிறவு உப்பளத்தைத் தாண்டித் தாண்டியே வளர்ந்தவர்களுக்கு உப்பளம் காட்டுவதா? பனையோலைப் பெட்டி காட்டுவதா? நம்மைவிட அவர்கள் நன்றாகப் பின்னுவார்கள். கடற்கரை வழி இந்தக் கூட்டத்துக்கு வேண்டாம்.

அப்புறம் தஞ்சாவூர். யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பெயர். கைவினை என்று பட்டியல் போட்டால் தஞ்சாவூருக்கு நிகர் டெல்டாவில் இல்லை என்பது உண்மைதான். தங்கத்தகடு ஒட்டிய ஓவியம், தலையாட்டி பொம்மை, வெள்ளியும் செம்பும் பித்தளையும் சேர்ந்த கலைத்தட்டு, நெட்டி வேலை, வீணை. ஐந்துக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அதிலும் வீணை செய்கிற இடம் பார்க்க வேண்டிய இடம்தான். ஒரே பலாக்கட்டையில் குடம், தண்டு, யாளி முகம் என்று முழுசாகக் குடைந்து எடுப்பது ஏகாண்ட வீணை. பிறகு மெழுகில் கரி கலந்து மேடு கட்டி, அதன்மேல் இருபத்து நாலு மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டுப் பதிப்பார்கள். அந்தக் கடைசி வேலையை ஒருவர் உட்கார்ந்து செய்யும்போது பக்கத்தில் பேசாமல் இருந்து பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஆனால் நாகையிலிருந்து தஞ்சாவூர் சுமார் 85 கிலோமீட்டர். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. போகட்டும், அதுகூடப் பெரிய தடை இல்லை. பெரிய கோயில்தான் தடை! யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தைத் தஞ்சாவூர் வரை கூட்டிப்போய், கோபுரத்தை வண்டிக்குள்ளிருந்து காட்டிவிட்டு, "வாங்க பட்டறைக்கு" என்று சொல்ல முடியுமா? சொன்னாலும் கேட்பார்களா? உள்ளே போனால் இரண்டு மணி நேரம். அப்புறம் அரண்மனை, அங்கே கலைக்கூடத்தில் சோழர் செப்புத் திருமேனிகள். சாப்பாடு முடிந்து நிமிர்ந்தால் மூன்றரை. மிச்சம் இருக்கிற நேரத்தில் பட்டறைக்குப் போக முடியாது, கடைக்குத்தான் போகலாம்.

முதல் தடவை எங்களுக்கு நடந்தது அதுதான். வாடகை வண்டி ஓட்டுநர் "சார், எல்லாக் கைவினையும் ஒரே இடத்துல" என்று ஒரு குளிர்சாதனக் கடை வாசலில் நிறுத்தினார். பிளாஸ்டிக் நாற்காலி, குளிர்பானம், வரிசையாகப் படங்கள். ஒரு மூலையில் ஒரு பையன் தூரிகையோடு உட்கார்ந்திருந்தான். நாங்கள் பார்க்கும்போது தீட்டினான், நாங்கள் நகர்ந்ததும் போனை எடுத்தான். ஒன்றரை மணி நேரம் அங்கே போயிற்று. நண்பர் மரியாதைக்கு ஒரு தலையாட்டி பொம்மை வாங்கினார். வண்டியில் ஏறியதும் அவர் சின்ன மகள் கேட்டாள்: "இது எங்கை செய்யிறது, மாமா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

தஞ்சாவூர் வேண்டுமென்றால் அங்கேயே ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி வர வேண்டும். ஒரு பகலில் கப்பல்காரர்களுக்கு ஒத்துவராது.

மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று குடந்தை (கும்பகோணம்) வழி: நாச்சியார்கோயில், சுவாமிமலை. இன்னொன்று மாயவரம் (மயிலாடுதுறை) வழி: கூறைநாடு, நரசிங்கம்பேட்டை, திருவாவடுதுறை, திருபுவனம். இரண்டில் எது என்பதுதான் உண்மையான கேள்வி.

குடந்தை வழியில் இருக்கிற பெரிய வசதி பாதை. நாகை, திருவாரூர், குடவாசல் என்று வந்தால் கும்பகோணத்துக்குப் பத்து கிலோமீட்டர் முன்னாலேயே நாச்சியார்கோயில். ஆறரைக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் இட்லி சாப்பிட்டுவிட்டு வேலை தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். ஊருக்குள் நுழையும்போதே கடைவாசல்களில் ஆளுயரக் குத்துவிளக்கு நிற்கும். கடையைத் தாண்டி உள்தெருவுக்குள் போனால் பட்டறை. களிமண் பிசைந்த கை, அச்சுப் பெட்டி, உருக்கிய பித்தளை, அதற்குப் பிறகு கடைசல் இயந்திரம். அச்சுக்குக் காவிரிப் படுகையின் வண்டல்தான் வேண்டும் என்பார்கள். வார்த்தெடுத்த தண்டு முதலில் கரடுமுரடாக, கருத்துப்போய், எங்கேயோ தோண்டியெடுத்த மாதிரி இருக்கும். கடைசலில் ஏற்றி உளியை வைத்ததும் பொன்னிறச் சுருள் சுருளாக உரிந்து விழும். பிள்ளைகள் அந்தச் சுருளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்ப மாட்டேன் என்றார்கள்.

ஒரு குத்துவிளக்கு ஒரே பொருள் இல்லை. அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னப்பட்சி என்று தனித்தனியாக வார்த்து, மரை போட்டு முடுக்குகிறார்கள். கப்பலில் போகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம். கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம். விலை பெரும்பாலும் எடைக்குத்தான். ஆகவே பேரம் பேசுவதற்கு முன் தராசைப் பாருங்கள்.

சுவாமிமலை அங்கிருந்து கும்பகோணம் தாண்டி இன்னும் இருபது கிலோமீட்டருக்குள். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 2023இல் டெல்லி பாரத மண்டபத்தில் ஜி20 மாநாட்டுக்காக நிறுத்திய 27 அடி நடராஜர் இந்த ஊரிலிருந்து போனவர்தான். எடை 18 டன் அளவு. அதைச் சொன்னால் கனடா இளசுகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் என் கண்ணில் நின்றது டன் கணக்கு இல்லை, ஒரு தென்னை ஓலைக் கீற்று.

சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, ஸ்தபதி அதை மடிக்கிறார். மடித்ததை மறுபடி மடிக்கிறார். மடிப்பு விழுந்த இடத்தில் நகத்தால் கீறுகிறார். அவ்வளவுதான் அளவுகோல். தெய்வத்துக்கு உத்தம தசதாளம் என்கிற அளவுமுறை என்றால் முழு உயரமும் 124 பங்கு. முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை என்று எல்லாம் அந்த ஓலைக்குள் இருக்கிறது. ஓர் அடிச் சிலைக்கும் பத்தடிச் சிலைக்கும் கணக்கு ஒன்றுதான், ஓலையின் நீளம்தான் வேறு. வேலை முடிந்ததும் ஓலை காய்ந்து சுருண்டு குப்பைக்குப் போகும்.

அப்புறம் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள். கை தனியாக, கால் தனியாக, சிலையைச் சுற்றி வளைந்து நிற்கும் திருவாசி தனியாகச் செய்து, சூடாக்கிய இரும்பால் ஒட்டுகிறார்கள். அதன்மேல் உமிக்கரி கலந்து அரைத்த வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் காயவிட்டு, மேலே மேலே தடித்த மண் பூசி, பெரிய சிலையானால் கம்பி கட்டுகிறார்கள். வறட்டித் தீயில் சுட்டால் மெழுகு உருகி வழிந்துவிடும். உள்ளே மெழுகு இருந்த இடம் வெற்றிடம். அதில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்தால் சிலை. மண் உடைந்தது உடைந்ததுதான், இன்னொரு சிலைக்கு ஆகாது. ஆகவே ஒரு அச்சுக்கு ஒரே சிலை. அதன் பிறகு உளி வேலைக்கு நாட்கணக்கு, வாரக்கணக்கு.

இந்த வழியின் குறை இங்கேதான் இருக்கிறது. நீங்கள் போகிற அன்றைக்கு உலோகம் ஊற்றுகிற வேலை நடக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம். தினமும் உலை மூட்ட மாட்டார்கள். பல அச்சுகள் சேர்ந்த பிறகுதான் ஊற்றுவார்கள். முதல் தடவைப் பயணத்தில் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது சாயங்காலம் ஓடிப்போய் நுழைந்தோம். இரண்டு பேர் உளி தட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஓலை மடிப்பைக் காட்டியதே பெரியவர் ஒருவரின் கருணை. ஊற்றைப் பார்த்தது நான் தனியாகப் போன இன்னொரு நாள். தமிழ்நாடு அரசின் கைவினை நிறுவனமான பூம்புகாருக்குச் சுவாமிமலையிலும் நாச்சியார்கோயிலிலும் உற்பத்தி மையங்கள் உண்டு. தெரிந்த பட்டறை இல்லாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். எப்படியானாலும் முந்தின நாளே போனில் "நாளைக்கு உலை உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதிக் கவலை விடும்.

சரி, இப்போது மாயவரம் வழி. நாகையிலிருந்து காரைக்கால், தரங்கம்பாடி வழியாகவும் வரலாம், திருவாரூர், பூந்தோட்டம், பேரளம் வழியாகவும் வரலாம். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் வாடகை வண்டி என்றால் பெர்மிட் விஷயத்தை ஓட்டுநரிடம் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். நான் பேரளம் வழியில் வருவேன். வழியில் கூத்தனூர் சரஸ்வதிக்கு ஒரு கும்பிடு போடலாம் என்பதும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இந்த வழியில் ஒரு உறவு இருக்கிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்து, பெண் உடுத்திக்கொண்டு வந்து தாலி கட்டிக்கொள்ளும் சேலைக்கு அவர்கள் இன்றைக்கும் வைத்திருக்கும் பெயர் "கூறை". அந்தப் பெயரைத் தாங்கிய ஊர் மயிலாடுதுறைக்குள் இருக்கிற கூறைநாடு. நாங்கள் கொரநாடு என்போம். பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கொரநாட்டுப் புடவை ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இல்லாமல் இருக்காது. இதை நான் வண்டியில் சொன்னபோது நண்பரின் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என்ரை கூறை உங்கை இருந்துதான் வந்ததோ?" என்று கேட்டார்கள். அவர்கள் கூறை எந்தத் தறியில் நெய்தது என்று யார் சொல்ல முடியும்? பெயர் மட்டும் இங்கிருந்து போனதுதான் என்றேன்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கூறைநாட்டில் இன்று தறிச் சத்தம் ரொம்பக் குறைவு. தெருவெல்லாம் நெசவுக்குப் பாவு நூல் விரித்திருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நெசவாளரான நேச நாயனாரோடு சேர்த்துச் சொல்லப்படும் புனுகீஸ்வரர் கோயில் இருக்கிறது, அங்கே பத்து நிமிஷம் நின்றுவிட்டு நகர்ந்துவிடலாம். தறி பார்க்கத் திருபுவனம் இருக்கிறது, அது இதே சாலையில் கடைசியில் வரும்.

நடுவில்தான் நரசிங்கம்பேட்டை. ஆடுதுறைக்குப் பக்கம், கும்பகோணம்–மயிலாடுதுறைச் சாலையில். சாலையில் போகிறவர்களுக்கு அப்படி ஒரு ஊர் இருப்பதே தெரியாது. 2022இல் இந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம், ஆச்சா என்கிற வகை. புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தூண், உத்திரம், விட்டம் என்று ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த மரமாகத் தேடி வாங்குகிறார்கள். யாரோ ஒருவர் வீட்டு உத்திரம் இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்தில் ஊதுகிறது.

கட்டையைக் கடைசலில் ஏற்றி வெளிப்பக்கம் சீவி, நீளமான துளைக்கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு உள்ளே குடைகிறார்கள். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைச் செருகும் பக்கம் குறுகி, அடியில் விரிந்து வர வேண்டும். மயிரிழை பிசகினால் ஸ்ருதி போய்விடும். பிறகு விரல் வைக்கிற துளை ஏழு, கீழே ஸ்ருதி சேர்க்கிற துளை ஐந்து. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்கு முன்னால் வழக்கில் இருந்தது குட்டையான, உச்ச ஸ்ருதித் திமிரி. அவர் கேட்ட கீழ் ஸ்ருதிக்கு ஏற்ப நீளமான பாரி நாயனத்தை உருவாக்கித் தந்தவர் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி. பிள்ளையின் திருவாவடுதுறை இங்கிருந்து கூப்பிடு தூரம். வித்துவானும் ஆசாரியும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்பதால்தான் அது நடந்தது என்று நான் நினைக்கிறேன். ஊதிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி, திரும்பக் கொடுத்து, மறுபடி ஊதிப் பார்த்து... இதெல்லாம் கடிதத்தில் ஆகிற வேலையா?

யாழ்ப்பாணத்தில் நாதஸ்வரம் என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அளவெட்டி பத்மநாதன் பெயரையும் தட்சிணாமூர்த்தியின் தவிலையும் அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கலைஞர்கள் அங்கே கோயில் திருவிழாக்களுக்குப் போய்த் தங்கி வாசித்ததை அம்மா நேரில் பார்த்தது போல் விவரித்தார்கள். ஒருவேளை பார்த்தும் இருக்கலாம்.

திருவாவடுதுறையில் சீவாளி செய்கிற வீடு ஒன்றுக்குப் போனோம். திண்ணையிலேயே வேலை. காவிரிக் கரையில் வளர்கிற கொறுக்கைத் தட்டையை அறுத்து, மாதக்கணக்கில் காயவைத்து, நெல்லோடு சேர்த்து அவித்து எடுக்கிறார்கள். அதைத் தட்டி மடித்து நூலால் கட்டுகிறார்கள். கட்டை விரல் அளவுகூட இருக்காது. செய்கிறவர் ஒவ்வொன்றையும் வாயில் வைத்து "பீ" என்று ஒரு சத்தம் எழுப்பிப் பார்த்துவிட்டு, வலது பக்கமோ இடது பக்கமோ போடுகிறார். வலது பக்கம் விற்பனைக்கு. இடது பக்கம்? "இன்னும் காயணும்" என்றார். அம்மா முழங்காலை நீட்டிக்கொண்டு திண்ணையில் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தங்கச்சி மகன் நாதஸ்வரம் வாசிக்கிறவர். அவருக்கென்று பன்னிரண்டு சீவாளி வாங்கினார்கள். டப்பா சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது. விளக்கு, சிலை, புடவை எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்தால், கப்பலில் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாமான் டெல்டாவில் கிடையாது.

கடைசியாகத் திருபுவனம், கும்பகோணத்துக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால். சௌராஷ்டிரம் பேசுகிற நெசவாளர் தெருக்கள். குழித்தறியில் உட்கார்ந்தால் கால் மிதியில், கண் ஜரிகையில். திருபுவனம் பட்டுக்கு ஒரு தனி அடையாளம் விசிறி மடிப்பு. புடவையை விசிறி போல மடித்துக் கட்டுவார்கள், பிரித்தால் மடிப்புக்கோடு முறையாக விழும். வீட்டுத் தறியைப் பார்ப்பதற்குக் காலையும் பிற்பகலும் நல்ல நேரம். முகூர்த்த மாதங்களில் கடைவீதிக் கூட்டம் தனிக்கதை. வைகாசி முகூர்த்த மாதம் என்பதை நம்மவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது பேரில் நாலு பெண்கள் புடவைக் கடைக்குள் நுழைந்தால் அன்றைய பகல் அங்கேயே முடிந்துவிடும். கோபம் வேண்டாம், என் வீட்டிலும் இதே கதைதான்.

இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பார்வைக்குப் பெரியது குடந்தை வழி. நெருப்பு, உலோகம், ஆளுயர விளக்கு, நடராஜர். போட்டோவுக்கும் அதுதான். ஆனால் சிறந்த காட்சி உங்கள் கையில் இல்லை, உலை மூட்டுகிறவர் கையில் இருக்கிறது. மாயவரம் வழியில் கண்ணைப் பறிக்கிற எதுவும் கிடையாது. ஆனால் எந்த நாள் போனாலும் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ஏதாவது செய்துகொண்டிருப்பார், அவரோடு பேசலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது முக்கியம். சுவாமிமலைப் பட்டறையில் மண், கரி, கம்பி, சூடு என்று நின்றுகொண்டே பார்க்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்து ஒரே வட்டமாகப் போய்விடலாமே என்று ஆசை வரும். வரைபடத்தில் அழகாகத்தான் தெரியும்: திருவாரூர், மாயவரம், கும்பகோணம், நாச்சியார்கோயில், மறுபடி திருவாரூர். கணக்குப் போட்டால் 160 கிலோமீட்டருக்கு மேல், எல்லாம் டெல்டாச் சாலை. ஊருக்கு ஒரு வேகத்தடை, வாய்க்காலுக்கு ஒரு வளைவு, அறுவடைக் காலமானால் சாலையிலேயே நெல் காயும். வட்டம் முடியும், பார்த்தது எதுவும் மிஞ்சாது. ஒரு நாளைக்கு மூன்று இடம், அதில் ஒன்றில் இரண்டு மணி நேரமாவது உட்கார்வது. என் அனுபவத்தில் இதற்கு மேல் போட்டால் கெட்டுவிடுகிறது.

வண்டி விஷயம் சுருக்கமாக. இரண்டு பேர் என்றால் பேருந்திலேயே போகலாம், நாகை–திருவாரூர்–கும்பகோணம் பேருந்துக்குக் குறைவில்லை. ஒன்பது பேர் என்றால் டெம்போ டிராவலர் ஒன்று பேசிவிடலாம், ஆனால் அது பட்டறைத் தெருக்களுக்குள் திரும்பாது. முனையில் நிறுத்தி நடக்க வேண்டும். ஏற்பாடு செய்து தருகிற சுற்றுலாக்காரர்களிடம் போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைக்கா, பட்டறைக்கா?" பதில் வருகிற வேகத்திலேயே தெரிந்துவிடும். ஓட்டுநரிடமும் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள், நடுவழியில் எந்தக் கடையிலும் நிறுத்த வேண்டாம் என்று. சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை பட்டறைகள் படுத்துவிடும், அந்த நேரத்தைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அமாவாசையில் பல இடங்களில் தறியும் உளியும் தொடமாட்டார்கள், தேதி பார்த்து வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் அச்சு காயாது. அந்த மாதங்களில் கப்பலையும் நிறுத்திவிடுவது வழக்கம் என்பதால் அது தானாகவே சரியாகிவிடும்.

சிலை வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொன்மைப் பொருளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. நீங்கள் வாங்கியது போன மாதம் வார்த்ததாக இருக்கலாம், ஆனால் செய்நேர்த்தியைப் பார்த்தால் சோழர் காலத்து மாதிரியே இருக்கும். அதுதானே சுவாமிமலை! ஆகவே "இது தொன்மைப் பொருள் அல்ல" என்று இந்தியத் தொல்லியல் துறை தருகிற சான்றிதழைப் பற்றி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே பகலில் கைக்கு வருகிற காகிதம் இல்லை அது. பார்த்து, ஆர்டர் கொடுத்துவிட்டு, சான்றிதழோடு பின்னால் அனுப்பச் சொல்வதுதான் நல்லது. குத்துவிளக்குக்கு எடைதான் தொல்லை. கப்பலில் ஆளுக்கு இத்தனை கிலோ என்று பயணச்சீட்டிலேயே இருக்கும்.

ஒன்பது பேருக்கு நான் சொன்ன முடிவு இது. பெரியவர்களும், கல்யாணத்துக்குக் கூறை பார்க்கிறவர்களும் மாயவரம் வழி. காலை போகிற போக்கில் கூறைநாடு, முற்பகல் நரசிங்கம்பேட்டை, திருவாவடுதுறை, சாப்பாட்டுக்குப் பின் திருபுவனம். கனடா இளசுகள் இரண்டு பேரும், முந்தின நாள் போனில் "உலை உண்டு" என்று பதில் வந்தால் மட்டும், தனிக் காரில் நேரே சுவாமிமலை, வரும்வழியில் நாச்சியார்கோயில். உலை இல்லையென்றால் அவர்களும் மாயவரம் வண்டியில் ஏறிக்கொள்ளட்டும். ஐந்து மணிக்கு எல்லாரும் கும்பகோணத்தில் பித்தளை டவராவில் ஒரு டிகிரி காபி. ஐந்தரைக்கு வண்டி எடுத்தால் குடவாசல் சாலையில் எட்டு மணிக்குள் நாகை. மறுநாள் விடியலில் எழுந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பேசி முடித்துப் போனை வைக்கப் போகும்போது நண்பரின் அம்மா குறுக்கே வந்தார்கள். "தம்பி, உந்தச் சீவாளி பன்னிரண்டிலை நாலு நல்லாப் பேசுதாம். வாற ஆக்களிட்டை இன்னொரு கட்டு குடுத்துவிடும். அந்தத் திண்ணைக்காரரிட்டைத்தான் வாங்கவேணும், சரியோ?"

வாங்கி வைத்துவிட்டேன். இந்தத் தடவை இடது பக்கம் போட்டதில் ஒன்றிரண்டையும் சும்மா தந்தார், யாழ்ப்பாணம் போவதற்குள் காய்ந்துவிடும் என்று சொல்லி.